வெறுங்காலோடு வீடு போனவள்

— பையைக் கட்டிலுக்கு அடியில தள்ள வேண்டாம் கண்ணு, நான் பாத்துட்டேன். எங்க கிளம்பிட்டே?

— அம்மா வீட்டுக்குக்கா. சாயந்திர பஸ்ஸுக்கு.

— திரும்பி எப்போ?

— அதை விடுங்கக்கா.

— சரி, விட்டேன். மில்லுக்காரிக்கு அரைக்கத்தான் தெரியும், கிளறத் தெரியாது. இன்னிக்கு நம்ம சங்கத்து மாசக் கூட்டமாச்சே, உன்னைக் கையோட கூட்டிட்டுப் போகலாம்னு மில்லைச் சாத்திட்டு வந்தேன்.

— நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. ஒரு விஷயத்தைச் சொல்லாம போனா எனக்கு மனசு ஆறாது. நீங்க எல்லாரும் வீடு மாறி வந்துட்டீங்கக்கா.

— வீடு மாறியா? என்ன சொல்றே?

— போன கூட்டம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து இங்க வந்து மாடா உழைக்கிறீங்களே, அதைத்தான் சொல்றேன். கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதவ, கூட்டம் முடிஞ்சதும் செருப்பை வாசல்லயே விட்டுட்டு வெறுங்காலோட வீட்டுக்குப் போவா. மத்தவங்க ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம அவ வீட்டுல போய் நிப்பீங்க. அதுதானே நம்ம சங்கத்து வழக்கம்?

— அதேதான்.

— அப்ப இதைப் பாருங்க. என் செருப்பு இங்க கிடக்கு, தூசி படிஞ்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வெறும் மடியோட வந்தேனே, அன்னிக்குக் கழட்டினது. அப்புறம் நான் வாசப்படியே தாண்டல. கூட்டத்துக்கே வராதவ செருப்பு அங்க எப்படிக்கா கிடக்கும்?

— கிடக்காதுதான்.

— யாரோ ஒருத்தி நிஜமாவே தவிச்சுப்போய் விட்டுட்டுப் போயிருக்கா. அவளுக்கு வர வேண்டியதை எல்லாம் நான் படுத்த இடத்துலயே வாங்கிக்கிட்டேன். சத்தியமா சொல்றேன், திருடின மாதிரி இருக்கு.

— வீடு மாறிப் போகிற ஆளுங்கதான் நாங்க, இல்லேன்னு சொல்லல. கரண்ட்காரர் பொண்டாட்டி கதை தெரியுமா உனக்கு? அவ செருப்புல ஒண்ணை நாய் கவ்விட்டுப் போயிடுச்சு. அவ அந்த இன்னொண்ணையும் உதறிட்டுத் திட்டிக்கிட்டே போயிட்டா. ஒத்தைச் செருப்பைப் பாத்ததும் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு. ரெண்டையும் விடக்கூடத் தெம்பில்லாம போயிட்டாளேன்னு மறுநாளே படை எடுத்துட்டோம். அவளும் மகராசி, வீட்டுக்கு முழுசாச் சுண்ணாம்பு அடிச்சு முடிக்கிற வரைக்கும் வாயே திறக்கலையே!

— ஐயோ, போங்கக்கா.

— சிரிச்சியா இப்போ? எங்க, இன்னொரு தடவை சிரி.

— சிரிக்கிற நிலைமையா எனக்கு? ஆனா ஒண்ணு சொல்லணும். முதல் நாள் நீங்க வந்தப்போ நான் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். பேச்சுக் குரலே இல்ல. தண்ணி சத்தம், வளையல் சத்தம், துடைப்பச் சத்தம். திரும்பிப் பாக்கிறேன், வீடு கொள்ளாத ஆளு. ஒருத்தங்க ஒழுகுற ஓட்டை மாத்திக்கிட்டு கூரை மேல நிக்கிறாங்க. வேலித் தகராறுல எங்க அத்தை முகத்துலயே முழிக்காத பால்காரம்மா, எங்க குளிக்கிற இடத்தை மண்டி போட்டுத் தேய்க்கிறாங்க. நான் செத்துட்டேனோன்னுகூட நினைச்சேன்க்கா. இந்த உலகத்துல இப்படியெல்லாம் நடக்குமா?

— நடக்குதே.

— 'போனது போகட்டும், அடுத்தது பொறக்கும்'னு யாராவது சொல்லிடுவீங்கன்னு காதைப் பொத்திக்கிட்டே கிடந்தேன். ஒருத்தர்கூடச் சொல்லல.

— அதைச் சொல்லவே கூடாதுன்னு கட்டளை. சங்கத்தை ஆரம்பிச்சவங்க அன்னிக்கே போட்டது.

— தையக்காரம்மா பண்ணினதுதான்... அதை நினைச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது. மெஷின்ல நான் தைச்சுட்டிருந்த அந்தச் சின்னச் சட்டை பாதியில நின்னு கிடந்துச்சு. வேற யாரா இருந்தாலும் என் கண்ணுல படாம ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அவங்க உக்காந்து, விட்டுப்போன சட்டைக் கையை வெச்சுத் தைச்சு, பொத்தான் கட்டி, மடிச்சு என் தலையணைகிட்ட வெச்சுட்டுப் போனாங்க. அன்னிக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. கடலை முதல் தடவை பாக்கிற மாதிரி அவங்களையே பாத்துட்டு இருந்தேன்.

— இவ்வளவும் சொல்றே. அப்புறம் எதுக்கு இந்தப் பை?

— இந்த வீட்டுல எனக்கு இடமில்லக்கா. அவர் லாரியோட கிளம்பினா எப்ப வருவார்னு அவருக்கே தெரியாது. இருக்கறது நானும் அத்தையும். அத்தை குழந்தையைப் பத்தி இன்னி வரைக்கும் ஒரு பேச்சுப் பேசல. தட்டை வெப்பாங்க, தட்டை எடுப்பாங்க. என்னாலதான் போச்சுன்னு நினைக்கிறாங்க, வேற என்ன? நீங்க எல்லாம் வந்தாலும் கொல்லைப்புறம் போய் நின்னுக்கிறாங்க.

— வாயால ஏதாவது சொன்னாங்களா?

— திட்டினாக்கூடத் தேவலையே! கல்லுக்கா அவங்க. இந்த வெயில்ல வெறுங்காலோட தண்ணிக்குப் போறாங்க, கடைக்குப் போறாங்க. குதிகால் வெடிச்சு ரத்தம் கட்டியிருக்கு. செருப்பு எங்க அத்தைன்னு படுத்துக்கிட்டே கேட்டேன். 'வார் அறுந்துபோச்சு, உன் வேலையைப் பாரு'ன்னு வெட்டிட்டுப் போயிட்டாங்க.

— வார் அறுந்துபோச்சுன்னா சொன்னாங்க?

— ஆமா. எதுக்குக்கா கண்ணைத் துடைக்கிறீங்க?

— நான் கொண்டுவந்த இந்த மஞ்சப் பையைப் பிரிச்சுப் பாரு.

— பச்சை வாரு... இது அத்தையோடதாச்சே. எங்கயும் அறுந்திருக்கலையே!

— கேளு கண்ணு. இந்தச் சங்கத்தையும் வழக்கத்தையும் ஆரம்பிச்சு வெச்சதே உங்க அத்தைதான். அடுத்தவளுக்குன்னா முதல் ஆளா ஓடுவாங்க, தனக்குன்னு மட்டும் செருப்பை விட மாட்டாங்க. உங்க மாமனார் தவறின மாசம்கூட, கூட்டம் முடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு நிமிர்ந்து நடந்து போன மனுஷி. போன தடவை எல்லாரும் கிளம்பினப்புறம் பாக்கிறோம், வாசல்ல இது மட்டும் கிடக்கு. எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 'அவளே விட்டுட்டாளா!'ன்னு பால்காரம்மா அப்படியே படியில உக்காந்துட்டா.

— எனக்காகவா?

— அவங்க சொல்லல, நாங்க கேக்கல. வந்து பாத்தோம், நீ படுத்திருந்தே.

— இத்தனை நாளா இதை ஏன் திருப்பித் தரல?

— விட்டுட்டுப் போனவ வீட்டுல எது சரியாகணுமோ, அது ஆனாத்தான் தரணும். நேத்து நீ எழுந்து கொல்லையில துணி காயப் போட்டேன்னு பால்காரம்மா ஓடி வந்து சொன்னா. அதை நம்பி எடுத்துட்டு வந்தேன். வந்தா நீ பையும் கையுமா நிக்கிறே. இப்போ குடுத்துட்டுப் போறதா, திருப்பி எடுத்துட்டுப் போறதா? நீயே சொல்லு.

— உள்ள என்ன ஓயாத பேச்சு? பஸ் வர்ற நேரமாச்சு. வழிக்குச் சாப்பாடு கட்டியிருக்கேன், மருமகளை மறக்காம எடுத்துக்கச் சொல்லு. தண்ணி பாட்டில் தனியா இருக்கு.

— அத்தை, இங்க கொஞ்சம் வாங்களேன்.

— எனக்கு அடுப்புல வேலை இருக்கு.

— அடுப்பு இருக்கட்டும், பஸ்ஸும் போகட்டும். இப்படி உக்காந்து காலை நீட்டுங்க அத்தை, உங்க செருப்பு வாரு சரியாயிடுச்சு. ரெண்டு பேருமா கூட்டத்துக்குப் போகலாம்.