கேன்டீனில் சொன்ன செய்தி

இந்த வாரம் பீடத்துப் பூக்கள் அழகாக இருந்தன என்று பூசை முடிந்ததும் சொன்னீர்கள், ஃபாதர். அவற்றை வைத்தது நான்தான். என் கணவர் கில்பர்ட் போன பிறகு எனக்கு வீட்டில் அவ்வளவாக வேலையில்லை.

அவர் பாவசங்கீர்த்தனத்தில் உங்களிடம் சொன்னதை நீங்கள் வெளியே சொல்லக்கூடாது. சொல்லவும் வேண்டாம், எனக்கே தெரியும். தொடையெலும்புக் கட்டியில் எடுத்த சதைப் பரிசோதனையின் முடிவைக் கேட்கப் போகும் முன், அவர் உங்களிடம் வந்து மண்டியிட்டார். மனைவியிடம் உண்மையாக இருக்கச் சொன்னீர்களாம். மருத்துவமனைக்குப் போகும் வழியில், பெர்மாஸ் ஜெயாவைத் தாண்டி, சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அந்த உண்மை எனக்கு வந்து சேர்ந்தது.

"எனக்கும் கிளாரிசாவுக்கும் ரொம்ப நாளா பழக்கம், வலேரி. கால் நல்லாயிட்டா அவகூட போயிடலாம்னு இருக்கேன். உன்னை ஏமாத்திக்கிட்டே கடவுள்கிட்ட எப்படிக் கேக்குறது?"

கிளாரிசா என் தங்கை. என் கல்யாணத்தில் என் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தவள். பச்சை விளக்கு விழுந்தது. காரை நான்தான் ஓட்டினேன்.

டாக்டர் அறைக்குள் வர அவருக்குப் பயம். "நீ கேட்டுட்டு வா, நான் கேன்டீன்ல இருக்கேன்" என்றார். அந்த அளவுக்கு என்னை நம்பினார்.

டாக்டர் பொறுமையானவர். எலும்பில் வரும் புற்றில் யார் பிழைப்பார் என்பது சில விஷயங்களைப் பொறுத்தது என்றார். கட்டி சின்னது. முழங்காலுக்கு மேலேயே நிற்கிறது. நுரையீரல் சுத்தம். இவருக்கு வயதும் அதிகமில்லை. முதலில் கீமோ கொடுத்து, அது கேட்கிறதா என்று பார்த்து, கெட்ட எலும்பை எடுத்துவிட்டு உலோகம் வைக்கலாம். காலை வெட்ட வேண்டியிருக்காது. தள்ளிப்போடுவது ஒன்றுதான் ஆபத்து என்றார். நான் நன்றி சொன்னேன்.

கேன்டீனில் அவர் தே தாரிக் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். "என்ன, கால வெட்டணுமா, தலைய வெட்டணுமா?" என்று சிரித்தார்.

"எதையும் வெட்ட வேணாங்க. நெஞ்சுக்குப் போயிடுச்சாம். வீட்டுக்குப் போலாம்."

கெட்ட செய்தியை நோயாளியிடம் மறைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அதனால் நான் வாய்விட்டுச் சொன்னதும், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இவளே சொல்கிறாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசமாயிருக்கும் என்று அவருடைய அண்ணன் ஜோன் அழுதார். மருத்துவமனையிலிருந்து அழைத்தபோது, இந்தியாவில் வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், நீங்களே பார்த்தீர்கள். கஞ்சியை ஆற்றி ஊட்டினேன். வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தேன். யோங் பெங்கிலிருந்து கிளாரிசா வருவாள், அறை வாசலிலேயே நிற்பாள்.

"இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாமேக்கா?"

"காட்டி? இன்னும் கொஞ்சம் சித்திரவதையா? உனக்கு அவர்மேல பாசமே இல்லையாடி?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் அவளோடு போகிற பேச்சை எடுக்கவில்லை. கல்யாணமான புதிதில்போல என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினார். "உன்னைப் போய் விட்டுட்டுப் போகப் பாத்தேனே" என்று ஒருநாள் அழுதார். நான் மன்னித்துவிட்டேன்.

நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். கடைசி வாரம் மூச்சுத் திணறியபோது கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் இரண்டிலும் பரவியிருந்தது. நான் சொன்னதேதான், ஃபாதர். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.