சூரியன் போட்ட கவர்

விடியற்காலை நாலே முக்கால் இருக்கும். வெண்ணாற்றங்கரை ரோடு. ரெண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தவளைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை...

நம்ம கூட்டாளி சதீஷின் அத்தை மகள் குந்தவை, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்கூட்டியில் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மதகைத் தாண்டியதும் வண்டி கனத்தது. பின்சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

அப்புறம் அந்த வாடை. டெட்டாலும் அழுகின ரத்தமும்.

"சிஸ்டர்... காலையில ஒண்ணுதானே?"

நாக்கு வெந்த குரல். குந்தவைக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அமிர்தம். செத்து ஒரு மாசம் ஆகிறது.

அமிர்தம் நடவு ஆள். முடக்குவாதத்துக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவள். எழுத்துத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து கொடுப்பார்கள். அமிர்தத்தின் மாத்திரையோ வாரத்துக்கு ஒன்றுதான், மிஞ்சினால் விஷம். செவ்வாய்க்கிழமை காலை மட்டும். செவ்வாய்க்கிழமைக்கு ஏது படம்? குந்தவை அவசரத்தில் சூரியனைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். வாயால் சொல்லவில்லை. திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்கவுமில்லை. ஃபாரத்தில் 'விளக்கினேன், திருப்பிச் சொன்னார்' என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டாள்.

அமிர்தம் தினமும் தின்றாள். பதினோரு நாள். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல், ரத்தம் கக்கிச் செத்தாள். மகன் குணசேகரன் வந்து கத்தியபோது குந்தவை அந்த ஃபாரத்தை நீட்டினாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க. உங்கம்மாதான் மறந்துட்டாங்க."

பின்சீட்டில் மூச்சு இழுத்தது.

"என் புள்ள தெனம் என் போட்டோவப் பாத்துத் திட்றான் சிஸ்டர். நீயே உன்னக் கொன்னுக்கிட்டியேன்னு... அவங்கிட்ட உண்மையச் சொல்லிடுறீங்களா?"

குந்தவை ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள்.

"என் வேல போயிரும்க்கா..."

தவளைச் சத்தம் நின்றது.

"அப்ப வாயத் தொறங்க."

சேறு அப்பிய, சில்லென்ற விரல் உதட்டைப் பிளந்தது. நாக்கில் ஒரு கசப்பு. கிழக்கே வெளுத்தது. பின்சீட்டில் யாருமில்லை. ஈரச் சேறு மட்டும்.

அன்றிலிருந்து விடிந்தால் போதும், நாக்கில் அதே கசப்பு. வாயெல்லாம் புண். டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இப்போது குணசேகரனிடம் சொல்லிவிடலாம் என்று தவிக்கிறாள். நாக்கு புரளவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் சதீஷ் பேப்பரும் பேனாவும் கொடுத்தான். அழுதுகொண்டே எழுதினாள். கை ஒரே வரியைத்தான் எழுதியது.

'விளக்கினேன், திருப்பிச் சொன்னார்.'

அதன் கீழே ஒரு கைநாட்டு. மையில்லை. சேறு.

நாளைக்கு விடிந்தால் பதினோராம் நாள்.