படத்தில் பொய் இல்லை

பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு உட்காருகிறவர்கள் முகவாயை எப்போதுமே கொஞ்சம் அதிகமாகத் தூக்கிக்கொள்வார்கள். "கொஞ்சம் இறக்குங்க" என்றால் தலையையே கவிழ்த்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி முகம் இயல்பாக இருக்கும். அப்போது எடுத்துவிட வேண்டும். என் ஸ்டுடியோவில் உட்காராத ஆள் இந்தப் பகுதியில் குறைவு. என்னை அழைத்துவர நீங்கள் அனுப்பிய காவலரின் கல்யாண ஆல்பம்கூட நான் போட்டதுதான். நான் மனிதர்களைத் தெரியாமல் இதைச் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். வால்வைத் திறப்பதற்கு முன்னால் தெரு முனையில் நின்று விசில் ஊதுவார். தூங்கிக்கொண்டிருப்பவர்களும் எழுந்து குடத்தைத் தேடுவார்கள். நல்ல மனிதர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்தக் கட்சி. சைக்கிளில் அவர்கள் கொடியைக் கட்டிக்கொண்டுதான் வருவார். நாங்கள் இந்தக் கட்சி. நானும் என் தங்கையும் பேசக் கற்றுக்கொண்டதே கோஷம் போட்டுத்தான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு விசில் என் கடைக்கு வந்தார்.

"தண்ணிக்கு மருந்து போடறப்ப ஒரு போட்டோ வேணுமாம், ஆபீஸ்ல கேக்கறாங்க. நீங்க வந்து எடுத்துக் குடுங்கண்ணே."

"கட்சி பாக்க மாட்டீங்களா?"

"கேமராவுக்கு ஏதுண்ணே கட்சி?"

தொட்டியின் மேல்வரை அவருக்குப் பின்னால் ஏறினேன். குளோரின் கேனைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சிரிக்க வேண்டாம், வேலையைப் பாருங்கள் என்றேன். முகம் இறுகியது. எடுத்தேன்.

மழை வந்ததும் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. முதலில் கடைசித் தெருவில், பிறகு எங்கள் தெருவிலும். காரணம் எனக்குத் தெரியும். குழாய் வேலை செய்கிறவன் ஒருவன் படம் எடுக்க வந்தபோது சொன்னான்: சாக்கடை ஓரமாகப் போகிற குடிநீர்க் குழாய் ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது, தண்ணீர் திறக்காத நேரத்தில் கழிவு உள்ளே இறங்குகிறது. அந்தக் குழாயைப் போட்டது எங்கள் கவுன்சிலரின் தம்பி. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கவுன்சிலர் ஒருநாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"ஜனங்க பைப்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நாமெல்லாம் மூட்டையக் கட்ட வேண்டியதுதான் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவர் போன பிறகு கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் திறந்தேன்.

அந்தப் படத்தில் நான் எதையும் மாற்றவில்லை. நீங்கள் ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அவர்களும் அதையேதான் சொல்வார்கள். கேனில் ஒட்டியிருந்த காகிதம் தெரியாதபடி ஓரத்தை வெட்டினேன். எந்த ஸ்டுடியோவிலும் ஓரத்தை வெட்டுவார்கள். கீழே மூன்று கேள்விகள் எழுதினேன்: "இவர் யார்? நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் எதைக் கொட்டுகிறார்? எந்தக் கட்சி?" கேள்வி எப்படிப் பொய்யாகும்? எங்கள் கட்சி வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

எங்கள் குரூப்பில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எங்கள் மந்திரி பற்றி முன்பு ஒரு செய்தி வந்தபோது, எந்தப் பத்திரிகை, யார் பார்த்தது, எப்போது எடுத்த வீடியோ என்று துருவித் துருவிக் கேட்டுப் போட்டவனை ஓட ஓட விரட்டினார். அந்தச் செய்தி உண்மை. இந்தப் படத்தை அவர்தான் முதலில் எல்லோருக்கும் அனுப்பினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. மேலே தானாகவே ஒரு வார்த்தையும் சேர்த்தார்: "விஷம்." நான் அந்த வார்த்தையை எழுதவே இல்லை.

மதியத்துக்குள் அந்தக் கட்சிக்காரர்கள் ஆபீஸுக்குக் கொடுத்திருந்த முழுப் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். அது குளோரின், கேனைப் பாருங்கள் என்று வட்டம் போட்டுக் காட்டினார்கள். அதுதான் எனக்கு உதவியது. கோயில் பூசாரியோ டாக்டரோ சொல்லியிருந்தால் எங்கள் ஆட்கள் ஒருவேளை நின்று யோசித்திருப்பார்கள். அந்தக் கட்சிக்காரர்கள் வாயிலிருந்து வந்ததும், "பாத்தியா, எப்படித் துடிக்கிறானுங்க" என்றுதான் பேச்சு போனது.

சாயங்காலம் கூட்டம் தொட்டிக்குப் போனது. அடித்து வேறு ஊருக்கு மாற்றிவிடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். விசில் பயந்து ஏணியில் ஏறினார். மேலே நின்று கையைக் கூப்பி ஏதோ சொன்னார். கீழே யாருக்கும் கேட்கவில்லை. கல் எறிந்தார்கள். அவர் விழுந்ததையும் நான் எடுத்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாக இருந்தது.

எங்கள் ஆட்களே தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதிதாகத் தண்ணீர் நிரப்பினார்கள். கவுன்சிலர் வந்து வால்வைத் திறந்து வைத்தார். எல்லோரும் நிம்மதியானார்கள். குழாயை மட்டும் யாரும் தோண்டவில்லை. தோண்டினால் விசில் மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிடும்.

என் தங்கையைப் பற்றியும் கேட்டீர்கள். அவளை அந்தக் கட்சிக் குடும்பத்தில்தான் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். கல்யாணமானது முதல் வீட்டில் அரசியல் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். விசில் செத்த பிறகு அது உடைந்துவிட்டது. நான் போயிருந்த அன்று அடுப்படியில் சண்டை.

"தண்ணியக் கொதிக்க வைன்னு எத்தனை தடவை சொல்றது? கோளாறு பைப்புல."

"எங்க ஆளுங்க கழுவி ஊத்தின தண்ணி. அதுல குத்தம் கண்டுபிடிச்சாத்தானே உங்க விசில் யோக்கியனாவான்?"

"பாப்பா குடிக்கிற தண்ணிடி. இதுல கட்சி எங்க வந்துச்சு?"

"நீங்கதானே கொண்டு வர்றீங்க."

பாப்பா அவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே வந்து தண்ணீர் கேட்டாள். தங்கை குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டம்ளர் அப்படியே நின்றது. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, நீ சொல்லு. தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

மாப்பிள்ளையும் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அந்த மனிதர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பாப்பா இருவருக்கும் நடுவில் நின்று, "யாராவது குடுங்களேன்" என்றாள்.

என் வீட்டில் அப்போது கேன் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். கொதிக்க வைத்துக் குடி, அதில் என்ன போகப் போகிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் மாப்பிள்ளை ஜெயித்துவிடுவார். அடுத்த வீட்டுக்காரி காதில் விழும். சாயங்காலத்துக்குள் ஸ்டுடியோக்காரனே ஒத்துக்கொண்டான் என்று தெரு முழுக்கப் பேசுவார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டார். பாப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். தங்கை எனக்கும் நீட்டினாள். இப்போதுதான் டீ குடித்தேன் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

பாப்பா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடைசி நாள் என்னை அடையாளம் தெரியவில்லை. மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்று தங்கை கேட்டாள். என்னிடம் நிறைய இருந்தன. பிறந்த வாரம் முதல் நான்தான் எடுத்தேன். சிரிக்கிற படமாகப் பார்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

விசிலைக் கொன்றது நானா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கல் எறிந்தவர்களை விட்டுவிடலாம், பாவம், நம்பினார்கள். அதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அடுத்த பக்கத்தில் பாப்பாவின் சாவுக்கும் என் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அதில் போட மாட்டேன்.

சாக்கடைக் கிருமி என்று டாக்டர் சொன்னார், சரி. நேற்று ரோட்டைத் தோண்டி உடைந்த குழாயை எனக்கே காட்டினீர்கள். பார்த்தேன். ஆனால் தோண்டும்போது பக்கத்தில் நின்றவர்கள் யார் யார் என்று விசாரித்தீர்களா? என்னிடம் குழாயைப் பற்றிச் சொன்னவனும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியவன்தான், எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. விசிலின் ஆட்களே பழி வாங்கக் குழாயை உடைத்துவிட்டார்கள் என்று இப்போது செய்தி வந்திருக்கிறது. நேற்று என்னைப் பார்க்க வந்த தங்கை போனில் காட்டினாள். படத்தோடு இருக்கிறது. முதலில் எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. யார் போட்டது என்று மேலே தள்ளிப் பார்த்தேன். எங்கள் குரூப்தான், மேடம். எங்கள் ஆட்கள் பொய் எழுத மாட்டார்கள்.