எட்டு எலிகளும் நான் மாற்றிச் செருகிய அட்டைகளும்

கடிகாரத்தைப் பார்க்காமல் தலைமையேற்று அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, அறுபத்தெட்டு வயதில் என்னை எழுத வைத்த மாலை வகுப்பு ஆசிரியை அவர்களே, ஆய்வு செய்யும் அறிஞர்களே, அவர்களுடைய குடுவைகளைக் கழுவும் தோழர்களே, மடியில் பிள்ளைகளோடு பொறுத்துக் கேட்கும் தாய்மார்களே, கூண்டை விட்டு வர முடியாத என் எலிகளே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த உரையை நானே எழுதினேன். இருபது நாள் ஆனது. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், மகிழ்ச்சியில் எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓர் ஆய்வாளர் இருந்தார். கல்லீரல் அம்மா என்போம். உடம்பில் ஓடும் ஸ்டீராய்டுகளைக் கல்லீரலின் நொதிகள் உடைக்கின்றன. ஆண் எலிக்குள் ஒரு விதமாக, பெண் எலிக்குள் வேறு விதமாக. இந்த வேற்றுமையைக் கல்லீரலுக்குச் சொன்னது யார்? எப்போது சொன்னது? அவருடைய தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுதான்.

"பொறந்த உடனே ஆண் ஹார்மோன் கொஞ்ச நேரம் வந்துட்டுப் போயிடுதுண்ணா. அது மூளையில பதிஞ்சு, கடைசி வரைக்கும் கல்லீரலை ஆட்டி வைக்குதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

"அப்ப என்னைவிட எலி தேவலைம்மா. நேத்து சாப்பிட்டதே எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

பிறந்த அன்றே விதை நீக்கிய எட்டு ஆண் குட்டிகள். நான்குக்கு ஹார்மோன் ஊசி, நான்குக்கு வெறும் எண்ணெய் ஊசி. வளர்ந்தபின் மேல்தட்டில் நான்கு கூண்டுகள், கீழ்த்தட்டில் நான்கு. ஒவ்வொரு தட்டிலும் முதல் இரண்டு ஹார்மோன் எலி, அடுத்த இரண்டு எண்ணெய் எலி. அடையாளத்துக்குக் காதில் வெட்டுப் போடுவது வழக்கம். அம்மாவுக்கு மனம் வரவில்லை. கூண்டில் செருகிய அட்டை மட்டுமே அடையாளம்.

கூண்டு கழுவும் நாளில் அட்டைகளை உருவி மேசையில் வரிசையாக வைப்பேன். படிக்கத் தெரியாதவனுக்கு வரிசைதான் எழுத்து. ஒருநாள் என் முழங்கை பட்டுக் கீழ்த்தட்டு அட்டைகள் விழுந்தன. அள்ளினேன், செருகினேன். மறுநாள் அம்மா எலிகளைச் சோதனைக்கு எடுத்துப்போன பிறகு பார்க்கிறேன், முதல் கூண்டில் இருந்த மஞ்சள் கறை அட்டை கடைசிக் கூண்டில் இருக்கிறது. வரிசையையே திருப்பிவிட்டேன்.

சொன்னேனா? சொல்லவில்லை. 'எழுதியிருக்கிறதைப் பார்க்கலையா?' என்று கேட்டால் என்ன சொல்வேன்?

மேல்தட்டு அம்மா சொன்னபடி வந்தது: ஹார்மோன் எலிக்கு ஆண் விதக் கல்லீரல், எண்ணெய் எலிக்குப் பெண் விதக் கல்லீரல். கீழ்த்தட்டு நேர் எதிராக வந்தது. "நான் நினைச்சது தப்புண்ணா" என்று சொல்லிவிட்டு, அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். அவருடைய நாற்காலியில் பிறகு மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் காலியாகத்தான் தெரிகிறது. வாசல் கதவு திறந்தால் இன்றும் தலை நிமிர்கிறது.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் நான் போன முதல் இடம் ஆவண அறை. அம்மாவின் குறிப்பேட்டை விரல் வைத்துப் படித்தேன். கீழ்த்தட்டு வரிசையைத் திருப்பிப் போட்டேன். எட்டு எலியும் அம்மா சொன்னதையே சொன்னது. பக்கத்தின் அடியில் அவர் எழுத்தில், 'என் கணிப்பு தவறு.'

என்ன கேட்கிறீர்கள் தம்பி?

"அட்டையை மாத்திப் போட்டா யாருக்கு வேணும்னாலும் சாதகமா வருமே, பெரியவரே."

நியாயம். என் வாய்ச்சொல் சான்றாகாது. அதனால்தான் கேட்கிறேன்: அந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். தோற்றால் எலியிடம் தோற்கட்டும், என் முழங்கையிடம் தோற்க வேண்டாம். செய்பவர் அம்மாவாக இருக்கட்டும். அவரை அழையுங்கள்.

இயக்குநர் ஐயா ஏதோ சொல்கிறார்.

"விலாசம் கிடைச்சா நானே கூப்பிடறேன்."

கேட்டீர்களா? விலாசம் என்னிடம் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக இல்லை. இந்த அரங்கில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்லி, வணங்கி இறங்குகிறேன். படியருகே நிற்பேன். தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.