உள்பக்கத்து நூல்

உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, சார். ஊசி நூல் கொடுத்தால் பேசிக்கொண்டே தைத்து முடித்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள், தெரியும். பரவாயில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் இன்று மாலைக்குள் எங்கேயாவது விழுந்து தொலைந்துவிடும்.

நான் கடைத் துணி போடுவதில்லை. வீட்டில் இரண்டு மிஷின் இருக்கிறது, ஒன்று துணிக்கு, இன்னொன்று தோல், கனத்த பட்டை எல்லாம் தைப்பதற்கு. உள்ளாடை முதல் மழைக்கோட்டு வரை, கம்பளித் தொப்பி, முதுகுப் பை, கூடாரம், உள்ளே நுழைந்து படுக்கிற பை எல்லாமே என் கைவேலைதான். விற்பதற்கு அல்ல, என் வீட்டு ஆட்களுக்கு. வீட்டு ஆள் என்று எனக்கு இருந்தது என் தங்கச்சி ஒருத்திதான். அம்மா போனபோது எனக்குப் பதினேழு, அவளுக்கு ஆறு. பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், முப்பது வயதிலும். அம்மா போன நாளிலிருந்து அவள் உடம்பில் பட்ட ஒவ்வொரு நூலும் என் கை வழியாகப் போனதுதான்.

ஒரே ஒரு தடவை தவறியது. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத் தோழியின் சிவப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் கத்தவில்லை. அடிக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. அவள் ஆள்காட்டி விரலை மிஷின் ஊசிக்குக் கீழே வைத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஊசி நகத்தைத் துளைத்து இறங்கி ஏறியது, ஒரே ஒரு தையல். பிறகு நானே மருந்து போட்டு, நான்கு நாள் நானே சோறு ஊட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அடுத்தவர் துணியைத் தொட்டதில்லை. பாசம் என்றால் கொஞ்சம் கண்டிப்பும் வேண்டும் அல்லவா.

இருபத்தெட்டாவது வயதில் அவளே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். பாறை ஏறக் கற்றுக்கொடுக்கிற ஆள். எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். வாய் ஓயாமல் பேசுவான், சின்ன விஷயத்துக்கும் வீடே அதிரச் சிரிப்பான். பெண்டாட்டியின் அக்கா என்று என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். "அண்ணி தச்சா அதுல யானையையே தொங்கவிடலாம்" என்பான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பாப்பாவையும் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தான்.

பாப்பாவின் பிறந்த நாளன்று வருஷா வருஷம் அளவு எடுப்பேன். ஆறு வயதிலிருந்து எல்லாம் ஒரே நோட்டில் இருக்கிறது. இந்த வருஷம் இரண்டு மேற்கையிலும் ஒவ்வொரு அங்குலம் கூடியிருந்தது. தோளில் முக்கால். இடுப்பெலும்பின் மேலும் தொடையிலும் நீலமாகக் கன்றிப்போன தடங்கள்.

"என்ன பாப்பா இது?"

"பாறையில இடிச்சுக்குவேன்கா. கைய பாரேன், எப்படி முறுக்கேறியிருக்குன்னு." கையை மடக்கிக் காட்டிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. புருஷன் கையால் அடி வாங்குகிற எந்தப் பெண் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்? விழுந்தேன், இடித்துக்கொண்டேன் என்பார்கள். டேப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. என் நோட்டைப் பார்த்துவிட்டு உங்கள் டாக்டர், அடிபட்ட வீக்கம் இரண்டு கையிலும் ஒரே அளவாக வராது என்றாராம். படித்தவர், சொல்லலாம். அவர் அவளை ஆறு வயதிலிருந்து அளந்தவர் இல்லை.

அடுத்த மாதம் பாப்பா ஒரு பச்சை ஜாக்கெட்டில் வந்தாள். கடையில் வாங்கியது. காலருக்குள் கம்பெனிச் சீட்டுக்கூட அப்படியே இருந்தது.

"அவர் வாங்கிக் குடுத்தார்கா. நீ இனிமே எனக்காகக் கண்ணைக் கெடுத்துக்க வேணாம்."

சரி என்றேன். அன்று மத்தியானமே அவனுக்கு இடுப்புப் பட்டை தைக்க உட்கார்ந்தேன். பாறை ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு கயிற்றைக் கோப்பார்களே, அது. பச்சை ஜாக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நாள் ஞாபகத்துக்காகச் சொன்னேன்.

மிஷின் தையலில் இரண்டு நூல் உண்டு, சார். மேல் நூல் ஊசியிலிருந்து வரும், கீழ் நூல் பாபினிலிருந்து. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் அது தையல். மேலே தடித்த நைலான் போட்டேன். பாபினில் பழைய பருத்தி நூல், தொட்டாலே இற்றுவிடுகிற மாதிரி. உள்பக்கம் தெரியாமல் மெத்தென்று ஒரு துணியை வைத்து மூடினேன். இடுப்பில் உறுத்தக் கூடாது பாருங்கள். அவன் ஏமாளி இல்லை. ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தான், வீட்டு உத்தரத்தில் மாட்டித் தொங்கியும் பார்த்தான். சும்மா தொங்குகிற கனத்தை அது தாங்கும். விழும்போது சட்டென்று வெட்டி இழுக்கிற இழுப்பைத் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் போனோம். சின்னப் பாறைதானே என்று அவன் ஹெல்மெட் போடவில்லை. தலையில் நான் பின்னிய சாம்பல் நிறத் தொப்பி. கீழே கயிற்றைப் பாப்பா பிடித்திருந்தாள். என்னைப் பயமுறுத்த அவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு, உச்சிக்குக் கொஞ்சம் கீழே வேண்டுமென்றே கையை விட்டுவிடுவான். அன்றும் "அண்ணி, இங்க பாருங்க" என்றான். பார்த்தேன். பட்டை பிரிகிற சத்தம் கீழே வரை கேட்டது. கயிறு பாப்பாவின் கையில் லேசாகிப் போனது. அவன் கற்களின்மேல் முதுகு அடிபட விழுந்தான்.

சாகவில்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. பாப்பா அலறிக்கொண்டு ஆள் கூப்பிட ரோட்டுக்கு ஓடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பிரிந்த பட்டையைத் தூக்கிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"தையல்... அண்ணி... ஏன்?"

பாப்பா திரும்பி வந்ததும் இதையே சொல்லுவான். அவள் மனசு கஷ்டப்படும். தொப்பியை அவன் முகத்துக்கு இழுத்து, மூக்கையும் வாயையும் இரண்டு கையாலும் அழுத்தினேன். கம்பளிக்குள் கடித்தான். நல்ல காலால் உதைத்ததில் கற்கள் சரிந்தன. என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு நகம் பெயர்ந்தது, அவனுடையது. பின்னும்போது கண்ணி எண்ணுகிற பழக்கத்தில் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருநூற்றுப் பத்தில் அடங்கினான். தொப்பியை மறுபடி ஒழுங்காகத் தலைக்கு ஏற்றிவிட்டேன். அவன் பல்லிடுக்கில் சிக்கிய இழையைக் கண்டுபிடித்தீர்களே, அது சுத்தமான வேலை, சார். எனக்கே தோன்றவில்லை.

ஆக, நான்தான் செய்தேன், யாரும் உடந்தை இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

பாப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கதவு இடுக்கில் பார்த்தேன். என்னிடம் பேச மாட்டேன் என்கிறாளாம். அதிர்ச்சி, வேறென்ன. இன்னும் அந்தப் பச்சை ஜாக்கெட்டைத்தான் போட்டிருக்கிறாள். நீங்கள் எடுத்து வைத்திருக்கிற என் பையில் நீல ஜாக்கெட் ஒன்று இருக்கும், அதை அவளுக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தைக்கிற மாதிரி முதுகுப் பக்கம் முடிச்சு வைத்திருக்கிறேன், அவளால் தனியாகக் கழற்ற வராது. போன வருஷ அளவுக்குத்தான் தைத்தேன். முதலில் கை இறுக்கமாகத்தான் இருக்கும், அவன்தான் போய்விட்டானே, வீக்கம் வடிந்ததும் சரியாகிவிடும்.