உலை வைக்கும் நேரம்

பாலையூற்றில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு, டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இப்போது இருக்கும் வீட்டை இந்த மாதம் விட வேண்டுமாம்.

"வீடு நல்லம்தான். ஆனா அங்க எப்ப உலை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாதே" என்றார் மனைவி. நான் கையிலிருந்த போனை அணைத்துவிட்டேன்.

"அதுக்கும் வீட்டுக்கும் என்னப்பா?"

"போன கிழமை பாத்த உவர்மலை வீடெண்டா, துறைமுகத்தில நீங்கள் ஹோர்ன் ஊதுறது கேக்கும். உங்கட இழுவைப் படகு திரும்பி வந்து, எனக்கெண்டு ரெண்டு தரம் ஊதினாப் பிறகுதானே இவ்வளவு காலமும் உலை வைச்சனான்."

"உவர்மலை வீட்டுக் குசினியில ரெண்டு பேர் நிண்டு சமைக்க ஏலாது. பாலையூற்றில கிணறு இருக்கு, மாமரம் இருக்கு. வரேக்க போன் எடுக்கிறன்."

"போனில 'வாறன்' எண்டுவீங்கள். காலமை வெளிக்கிட்டுப் போகேக்கயும் 'வாறன்' எண்டுதானே சொல்லுறீங்கள்? நான் எந்த 'வாறனை' நம்புறது?"

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை.

"வாற வருசம் எனக்குப் பென்சன். பிறகு ஆர் ஊதுறது?"

"பிறகு பாலையூற்றுக்கு வருவம். அப்ப ஊதத் தேவையில்ல. குசினி வாசல்ல நிண்டு, பசிக்குதெண்டு நீங்களே சொல்லுவீங்கள்."