பத்து விரலும் எடுக்காமல்

"எட்டு வினாடி, ஒரே மூச்சுல. முடியுமா உன்னால?"

கீத் அப்படிக் கேட்டது அவன் மனைவி ஷீலாவை. அவள் சிரித்துக்கொண்டே பாடிக் கொடுத்தாள். கட்டைக்கு ஒரு சுரம்... முப்பத்தைந்து கட்டை. கீத்தின் ஒலிநாடாக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் எட்டு வினாடி நாடா இருக்கும். அழுத்தினால் ஓடும். தீர்ந்தால் சத்தம் நின்றுவிடும். விரலை எடுத்தால் நாடா பின்னுக்குப் போய்விடும். கம்பெனி கொடுத்த வயலின் நாடாக்களைக் கழற்றிவிட்டு, தன் ராக் குழுவுக்காக ஷீலாவின் குரலை மாட்டினான் கீத்.

"பொண்டாட்டிய பொட்டிக்குள்ள அடைச்சுட்டான்யா!" என்றான் டிரம்ஸ் அடிக்கும் ட்ரெவர்.

அந்தக் குளிர்காலத்தில் ஷீலா நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

இது என் சிநேகிதி ஜேனட்டின் பெரியம்மா பெரிலுக்கு நடந்தது. ஷீலாவின் அக்கா அவள். ஜனவரி மாதம், மாலை நாலரை மணி. பர்மிங்காம் ஆஸ்பத்திரியிலிருந்து டட்லிக்குப் போகும் கால்வாய் ஓரச் சாலை... மூடுபனி. எதிரில் ஒரு வண்டிகூட இல்லை. பெரில் காரை விரட்டினாள்.

மூன்று நாளாக அவள் எண்ணிப் பார்த்திருந்தாள். நாலு மணிக்குக் கீத்தின் ஒத்திகை தொடங்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஷீலாவின் மூச்சு நிற்கும். சரியாக எட்டு வினாடி. வரும்... மறுபடி நிற்கும். டட்லியில் கீத்தின் வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒத்திகை அறைக்கு ஓடினாள்.

"கீத், வாசிக்காதே! அவ மூச்சு..."

"வாங்க நர்ஸம்மா. கத்தாம கேளு. முன்னெல்லாம் நாடா தீர்றதுக்குள்ள விரல நண்டு மாதிரி நகத்திடுவேன். இந்தப் பாட்டு முடியறப்ப பத்து விரலும் எடுக்கவே மாட்டேன். அவளுக்குன்னே போட்டது, பெரில். வீட்டுக்கு வந்ததும் கேக்கட்டும்."

பத்து விரலும் இறங்கின.

பெரில் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் எழுந்தன.

குரல் நிற்கவில்லை.

எட்டு... ஒன்பது... பதினொன்று... மோட்டார் சூட்டு வாசனையோடு, ஷீலா நெஞ்சில் தடவிக்கொள்ளும் யூகலிப்டஸ் தைல வாசனை. பிறகு, வெட்டினாற்போல் அமைதி.

நடையில் டெலிபோன் அடித்தது. ட்ரெவர் எடுத்தான். கேட்டான். கீத்தின் முகத்தைப் பார்க்காமல் வைத்தான்.

கீத் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினான். நாடா ஓடும் சரசரப்பு மட்டும். கடைசிக் கட்டையில்... யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாடப் போகிறவள் இழுப்பதுபோல். இழுத்த மூச்சை விடவேயில்லை.

"பாடுடி ஷீலா," என்றான் கீத், விரலை எடுக்காமல். "பாடு."

பெரில் கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பனிக்குள் இறங்கிப் போனாள்.